40-ஆ, 50-ஆ? நம் வட்டாரச் சாலையின் வேக வரம்பை மறுபரிசீலனை செய்யக் கேட்பது எப்படி

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே மார்க்கெட். நடுவில் நான்கு தடச் சாலை. விளக்கு உள்ள கடப்பு இருநூறு மீட்டர் தள்ளி இருக்கிறது. ஒரு கையில் காய்கறிப் பையும் முழங்காலில் வலியுமாக வருபவர்களுக்கு அது பெரிய தூரம். அதனால் பக்கத்து வீட்டுப் பாட்டி தினமும் காலையில் நேர் எதிரே கடப்பார். ஒரு நாள் அவர் பாதிச் சாலையில் இருக்கும்போது வளைவைத் தாண்டி வந்த வேன் ஒன்று ஹார்ன் அடித்தபடி ஒதுங்கிப் போனது. பாட்டிக்கு அடி எதுவும் இல்லை. பை விழுந்து தக்காளி மட்டும் உருண்டது.

அன்று மாலையே ஒரு புகார் எழுதினேன்: "எங்கள் சாலையில் வண்டிகள் மிக வேகமாகப் போகின்றன, நடவடிக்கை எடுங்கள்." மரியாதையான பதில் வந்தது. அவ்வளவுதான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் செய்திருக்க முடியாது என்று இப்போது புரிகிறது. எந்த இடம், எந்த நேரம், எவ்வளவு வேகம், யார் கடக்கிறார்கள் என்று அதில் எதுவுமே இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து செய்ததையும் கற்றதையும் வைத்து இதை எழுதுகிறேன். பொறியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கைப்பேசி, ஒரு நோட்டுப் புத்தகம், சில காலை நேரங்கள் போதும்.

முதலில், இப்போதுள்ள வரம்பு என்ன?

சிங்கப்பூரில் வேகப் பலகையே இல்லாத சாலை என்றால் வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். பலருக்கு இது தெரிவதில்லை. பலகை இல்லாவிட்டால் வரம்பும் இல்லை என்று நினைத்து ஓட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். சில பெரிய சாலைகளில் 60 அல்லது 70 இருக்கும். விரைவுச்சாலைகளில் இடத்தைப் பொறுத்து 70 முதல் 90 வரை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கார் நிறுத்துமிடத்துக்குள் பொதுவாக 15.

அப்புறம், தனி ஏற்பாடு உள்ள இடங்கள். பல தொடக்கப்பள்ளிகளுக்கு அருகே 'விளக்கு மின்னும்போது 40' என்ற பலகை இருக்கும். பிள்ளைகள் வரும் நேரத்திலும் விடும் நேரத்திலும் விளக்கு மின்னும், அப்போது 40-க்கு மேல் போகக் கூடாது. மூத்தோர் அதிகம் வாழும் வட்டாரங்களில் 2014 முதல் 'சில்வர் ஸோன்' அமைத்து வருகிறார்கள். அங்கே 50 என்பது 40 ஆகிறது, முடிகிற இடங்களில் 30 ஆகவும் குறைகிறது. வட்டாரத் தெருக்களை நடப்பவர்களுக்கு உகந்ததாக மாற்ற 2023-ல் அறிவிக்கப்பட்ட 'ஃபிரண்ட்லி ஸ்ட்ரீட்ஸ்' திட்டம் அங் மோ கியோ, புக்கிட் பாத்தோக் வெஸ்ட், தெம்பனிஸ், தோ பாயோ, வெஸ்ட் கோஸ்ட் ஆகிய ஐந்து இடங்களில் முதலில் தொடங்கியது. உங்கள் சாலை இவற்றில் ஏதாவது ஒன்றுக்குள் வருகிறதா, அல்லது அதன் ஓரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தில் இருந்தால் "இந்த ஏற்பாட்டை எங்கள் சாலை வரை நீட்டுங்கள்" என்று கேட்க முடியும். புதிதாக ஒன்றைக் கேட்பதைவிட அது எளிது.

சாலை யாருடையது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பொதுச் சாலையின் வேக வரம்பு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்பு. வரம்பை மீறுபவர்களைப் பிடிப்பது போக்குவரத்துக் காவல்துறை. வீவக கார் நிறுத்துமிடத்துக்குள் உள்ள பாதை வீவகவின் பொறுப்பு. கொண்டோமினியத்துக்குள் என்றால் அதன் நிர்வாகக் குழு. தவறான கதவைத் தட்டினால் பல வாரம் வீணாகும்.

பத்து கிலோமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது?

இந்தக் கேள்வியை நீங்கள் கண்டிப்பாகச் சந்திப்பீர்கள். உங்கள் வீட்டிலேயே வண்டி ஓட்டுபவர் கேட்பார். பதிலைக் கணக்காகவே சொல்லலாம்.

காய்ந்த சாலை, நல்ல பிரேக், ஓட்டுநர் சுதாரிக்க ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். 30-ல் வரும் கார் நிற்க சுமார் 13 மீட்டர் வேண்டும். 40 என்றால் 20 மீட்டர். 50 என்றால் 28. 60 என்றால் ஏறக்குறைய 37. இப்போது காருக்கு முன்னால் சரியாக 20 மீட்டரில் ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு சாலையில் இறங்குகிறது. 40-ல் வந்த கார் குழந்தைக்கு முன்னால் நின்றுவிடும். 50-ல் வந்த கார் அதே இடத்தைத் தொடும்போது இன்னும் மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். 60-ல் வந்தது கிட்டத்தட்ட 55-ல் மோதும், ஏனென்றால் அந்த ஓட்டுநரின் கால் பிரேக்கில் படுவதற்குள்ளேயே 17 மீட்டர் ஓடிவிடும். மழை பெய்தால் எல்லா எண்களும் இன்னும் மோசம். இங்கே மழைக்குக் குறைவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதும் இதே திசையில்தான்: வண்டிகளின் சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிர்பலி விபத்துக்கான வாய்ப்பு நான்கு விழுக்காடு கூடுகிறது. 2024-ல் சிங்கப்பூர்ச் சாலைகளில் 142 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு 136 பேர்.

நேரம் வீணாகும் என்பவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கிலோமீட்டரை 50-ல் கடக்க 72 விநாடி, 40-ல் கடக்க 90 விநாடி. எங்கள் சாலை மொத்தமே அரைக் கிலோமீட்டர். ஒன்பது விநாடி வித்தியாசம். எதிர் புளோக் அங்கிள் டாக்சி ஓட்டுபவர், முதலில் கடுமையாக எதிர்த்தார். இந்த ஒன்பது விநாடியைக் கேட்டதும் எங்களோடு சேர்ந்துவிட்டார்.

வேகத்தை அளப்பது

இதுதான் முக்கியமான வேலை, இதில் அவசரப்படாதீர்கள். நடைபாதையில் நின்று பார்த்தால் 45-ல் வரும் லாரிகூட 70-ல் வருவதுபோல் தெரியும். கண்ணை நம்பி எழுதிய கடிதம் அளவெடுக்க வருபவர்களின் கருவி முன்னால் நிற்காது.

நேராக உள்ள ஒரு பகுதியில் இரண்டு விளக்குக் கம்பங்களைத் தேர்ந்தெடுங்கள். இடையே 100 மீட்டர் இருக்கட்டும். தூரத்தை ஒன்மேப் இணைய வரைபடத்தில் அளக்கலாம். ஒவ்வொரு கம்பத்திலும் எண் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண் மிகவும் உதவும்: "மார்க்கெட்டுக்கு எதிரே" என்றால் ஐந்து பேர் ஐந்து இடத்தை நினைப்பார்கள், கம்ப எண்ணைச் சொன்னால் எல்லோரும் ஒரே இடத்துக்கு வருவார்கள். அருகில் உள்ள பேருந்து நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண்ணும் அப்படித்தான்.

வண்டியின் முன்சக்கரம் முதல் கம்பத்தைத் தாண்டும்போது கைப்பேசியில் நேரத்தைத் தொடங்குங்கள், இரண்டாவதைத் தாண்டும்போது நிறுத்துங்கள். 360-ஐ விநாடியால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். 12 விநாடி என்றால் 30. 9 என்றால் 40. 7.2 என்றால் 50. 6 என்றால் 60. சிலர் 50 மீட்டர் போதும் என்பார்கள், ஆனால் விரல் கால் விநாடி தவறினாலும் 50 மீட்டரில் பிழை இரட்டிப்பாகும். அதனால் முடிந்தவரை 100 மீட்டர் எடுங்கள். ஒருவர் அளக்க இன்னொருவர் எழுதட்டும். வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துவரும் வண்டிகளை விட்டுவிடுங்கள். முன்னால் யாரும் இல்லாமல் தன் விருப்பத்துக்கு வரும் வண்டிகளை மட்டும் எடுங்கள், சாலை எந்த வேகத்துக்கு அழைக்கிறது என்பதை அவைதான் காட்டும். நடைபாதையிலேயே நில்லுங்கள். சாலையில் இறங்க வேண்டாம், வண்டிகளை நோக்கிக் கையசைக்கவும் வேண்டாம். ஆட்கள் நிற்பது தெரிந்தால் ஓட்டுநர்கள் மெதுவாக்குவார்கள், அளவு கெட்டுப்போகும்.

நூறு வண்டி சேர்ந்ததும் வேகத்தை ஏறுவரிசையில் எழுதுங்கள். 85-ஆவது வண்டியின் வேகம் என்னவோ அதுதான் போக்குவரத்துப் பொறியாளர்கள் பார்க்கும் எண். நூற்றில் 85 பேர் இதற்கு உள்ளேதான் ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம். சராசரியை மட்டும் சொல்லாதீர்கள். பாதிப் பேர் 35-ல் போய் மீதிப் பேர் 65-ல் போனாலும் சராசரி 50 என்று சாதுவாகத் தெரியும்.

எங்கள் சாலையில் 85-ஆவது வண்டியின் வேகம் 52. எங்களால் நம்ப முடியவில்லை. எல்லோரும் 70-ல் பறக்கிறார்கள் என்றுதான் ஆரம்பித்தோம். பெரும்பாலோர் சட்டத்துக்கு உட்பட்டே ஓட்டியிருக்கிறார்கள். பாட்டியைப் பதறவைத்த வேன்கூட அநேகமாக 50-ல்தான் வந்திருக்கும். அப்படியானால் சிக்கல் ஓட்டுநர்களிடம் இல்லை. அந்த வரம்பே அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. எங்கள் கோரிக்கையையே இது மாற்றிவிட்டது.

கடப்பவர்களையும் அளங்கள்

பெரும்பாலோர் வண்டியை மட்டும் அளந்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். கடப்பவர்களைப் பற்றிய கணக்குத்தான் எங்களுக்குக் கதவைத் திறந்தது.

சாலையின் அகலம் 14 மீட்டர். மூத்தோர் பலர் விநாடிக்கு ஒரு மீட்டர் நடந்தார்கள், சிலர் அதற்கும் குறைவு. ஆக, மறுபக்கம் சேர 14 விநாடி. 50-ல் வரும் வண்டி அந்த 14 விநாடியில் கிட்டத்தட்ட 195 மீட்டர் ஓடும். அதாவது பாட்டி பாதுகாப்பாகக் கடக்க, கால் எடுத்து வைக்கும்போதே 195 மீட்டர் வரை சாலை காலியாக இருப்பதைப் பார்க்க முடிய வேண்டும். ஆனால் வளைவு 120 மீட்டரிலேயே வந்துவிடுகிறது. அதற்கு அப்பால் இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அவர் எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் பலன் இல்லை. "பார்த்துக் கடக்கக் கூடாதா பாட்டி" என்று நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். பார்த்துத்தான் கடந்திருக்கிறார்.

வரம்பு 40 ஆனால் தேவைப்படும் தூரம் 155 மீட்டர் ஆகிறது. அப்போதும் 120 போதாது. ஆனால் சாலையின் நடுவே நின்று இளைப்பாற ஒரு திட்டு இருந்தால், ஒரு நேரத்தில் ஏழு மீட்டர் கடந்தால் போதும், 40-ல் வரும் வண்டிக்கு 78 மீட்டர் தெரிந்தால் போதும். சில்வர் ஸோன்களில் நடுத்திட்டு, நெளிந்து போகும் தடம், குறுகிய வாயில் எல்லாம் வரம்போடு சேர்ந்தே வருவது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. பலகையில் எண்ணை மட்டும் மாற்றிவிட்டுச் சாலையை அகலமாக, நேராக அப்படியே விட்டால் ஓட்டுநரின் கால் பழைய வேகத்துக்கே போகும். சாலையின் வடிவமும் பலகையும் ஒரே வேகத்தைச் சொல்ல வேண்டும். அதனால் "வரம்பைக் குறையுங்கள்" என்று மட்டும் கேட்காமல் இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

எண்ணும் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாலை யாருக்குப் பயன்படுகிறதோ அவர்களுடைய நேரத்தில் எண்ணுங்கள். மார்க்கெட் என்றால் காலை ஏழு முதல் ஒன்பது. பாலர் பள்ளி என்றால் விடும் நேரம். சிராங்கூன் சாலைப் பக்கம் புதன்கிழமை எண்ணிவிட்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை விட்டுவிட்டால் அந்தக் கணக்கில் உண்மையே இருக்காது. மூத்தோர், குழந்தை, சக்கர நாற்காலி, தள்ளுவண்டி என்று தனித்தனியாகக் குறியுங்கள். படம் எடுத்தால் முகங்கள் தெரியாமல் எடுங்கள். ஒன்று கவனம்: கடப்புக்கு 50 மீட்டருக்குள் வேறு இடத்தில் கடப்பது இங்கே குற்றம். மக்கள் அப்படிக் கடக்கிறார்கள் என்றால் வேறு மாதிரிக் கோரிக்கை வைக்க வேண்டும், கடப்பையே நகர்த்தச் சொல்லியோ பச்சை விளக்கு நேரத்தைக் கூட்டச் சொல்லியோ. சலுகை அட்டையைத் தட்டினால் மூத்தோருக்குக் கூடுதல் விநாடி தரும் 'கிரீன் மேன் பிளஸ்' 2009 முதல் இருக்கிறது. உங்கள் கடப்பில் அது இல்லையென்றால் அதை மட்டும்கூடக் கேட்கலாம்.

எழுதுவதும் அனுப்புவதும்

அளவு கையில் வந்ததும் இரண்டில் ஒன்று தெளிவாகும். 85-ஆவது வேகம் வரம்பைவிட மிக அதிகம் என்றால், உதாரணமாக 50-ல் 66 என்றால், முதலில் காவல்துறைக்கு எழுதுங்கள். எந்த நாள், எந்த நேரம் என்பதையும் சேருங்கள். கேமரா, ரோந்து பற்றி முடிவெடுப்பது அவர்கள். 2024 ஏப்ரல் முதல் சிவப்பு விளக்குக் கேமராக்களிலேயே வேகம் பிடிக்கும் வசதியையும் படிப்படியாக இயக்கி வருகிறார்கள். எங்களைப்போல வண்டிகள் வரம்பை ஒட்டியே போகின்றன, ஆனாலும் இடம் ஆபத்தானது என்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு எழுதுங்கள். ஒன்சர்வீஸ் செயலியில் அனுப்பினால் உரிய அமைப்புக்குப் போய்ச் சேரும், அனுப்பியதற்கு எண்ணும் கிடைக்கும். அந்த எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள்.

எங்கள் இரண்டாவது கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"இடம்: மார்க்கெட்டுக்கு எதிரே, விளக்குக் கம்பம் இந்த எண் முதல் இந்த எண் வரை. இப்போதைய வரம்பு 50. மூன்று வார நாட்களில் காலை 7 முதல் 9 வரை 100 வண்டிகளை அளந்தோம், 85-ஆவது வேகம் 52. அதே நேரத்தில் கடந்தவர்களையும் எண்ணினோம், அவர்களில் பாதிக்கு மேல் மூத்தோர். சாலை அகலம் 14 மீட்டர், கடக்க 14 விநாடி. வளைவினால் 120 மீட்டருக்கு மேல் வண்டி தெரிவதில்லை, தேவை 195 மீட்டர். வரம்பை 40 ஆக்குவதையும் நடுத்திட்டு அமைப்பதையும் சேர்த்துப் பரிசீலிக்க வேண்டுகிறோம். இடத்தைப் பார்க்க வந்தால் உடன் வரத் தயாராக இருக்கிறோம்."

ஒரே பக்கம். கோபம் இல்லை, "உயிர் போனால்தான் திரும்பிப் பார்ப்பீர்களா" என்ற வரி இல்லை. எழுதத் தோன்றியது உண்மைதான். ஆனால் படிப்பவர் ஒரு பொறியாளர். தன் மேலதிகாரியிடம் காட்டக்கூடிய காகிதம் அவருக்குத் தேவை.

நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கும் போங்கள். ஆங்கிலத்தில் எழுத வராது என்று தயங்க வேண்டாம், தொண்டூழியர்கள் கேட்டு எழுதித் தருவார்கள், தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். போகும்போது தனியாகப் போகாதீர்கள். எங்கள் ஐந்து பேரில் ஒரு மலாய் மக்சிக் (ஆன்ட்டி), டாக்சி அங்கிள், பிலிப்பீன்ஸ் தாதி ஒருவர், நானும் என் மனைவியும். ஒரு குடும்பத்தின் மனக்குறையாக இல்லாமல் அந்தச் சாலையின் தேவையாக அது கேட்கப்பட்டது.

பதில் 'இல்லை' என்று வந்தால்

வரலாம். ஆணையம் வரம்பை முடிவு செய்யும்போது சாலையின் வடிவம், போக்குவரத்தின் அளவு, விபத்துப் பதிவு, யார் பயன்படுத்துகிறார்கள் என்று பலவற்றைச் சேர்த்துப் பார்க்கிறது. பெரிய இணைப்புச் சாலையில் 40 கேட்டால் கிடைப்பது கடினம். அந்தப் போக்குவரத்து பக்கத்துச் சிறிய தெருக்களுக்குள் புகுந்துவிடும் ஆபத்தும் உண்டு. பேருந்து ஓடும் சாலையில் வேகத்தடை மேடு கேட்காதீர்கள், பேருந்தில் நிற்கும் மூத்தோரே விழுவார்கள். எது முடியாது, ஏன் முடியாது என்று கேட்டு எழுதுங்கள். வரம்பு மாறாவிட்டாலும் 'மெதுவாக' என்ற சாலை எழுத்து, வண்டியின் வேகத்தைக் காட்டும் மின்பலகை, கடப்புக்கு முன் மரக்கிளை வெட்டுவது, சாலையோரம் நிறுத்தத் தடை என்று சிறியவை பல உண்டு. எங்களுக்கு முதலில் கிடைத்தது கிளை வெட்டுவதுதான். அதிலேயே வளைவுப் பக்கம் பத்து மீட்டர் கூடுதலாகத் தெரிந்தது.

வரம்பைக் குறைப்பது எப்போதும் சரி என்ற பிடிவாதமும் வேண்டாம். வேல்ஸ் நாடு 2023 செப்டம்பரில் குடியிருப்புச் சாலைகளின் வரம்பை மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாக, அதாவது சுமார் 32 கிலோமீட்டராக, ஒரேயடியாக மாற்றியது. அடுத்த ஆண்டே எந்தச் சாலைகளில் பழைய வரம்பே பொருந்தும் என்று மறுபடியும் பார்க்க வேண்டி வந்தது. இடத்துக்கு இடம் பார்த்துக் கேட்டால் மக்களும் மதிப்பார்கள்.

மாற்றம் வந்த பிறகு

எங்களுக்கு 40 கிடைத்தது, நடுத்திட்டும் வந்தது. கோப்பிக் கடையிலும் லிஃப்ட் அருகிலும் முதல் வாரமே எல்லோரிடமும் சொன்னோம், பழக்கத்தில் 50-ல் வந்து மாட்டிக்கொள்பவர் நம் அண்டை வீட்டுக்காரராகத்தான் இருப்பார். 2026 ஜனவரி முதல் அபராதமும் கூடிவிட்டது. இலகு ரக வண்டி வரம்பைவிட 21 முதல் 30 கிலோமீட்டர் கூடுதலாகப் போனால் முன்பு 200 வெள்ளியும் 6 குற்றப்புள்ளியும், இப்போது 300 வெள்ளியும் 8 புள்ளியும். 24 மாதத்தில் 24 புள்ளி சேர்ந்தால் உரிமம் தற்காலிகமாகப் பறிபோகும்.

மூன்று மாதம் கழித்து அதே கம்பங்கள், அதே நேரம், மறுபடி நூறு வண்டி அளங்கள். முதல் வாரத்தில் அளந்தால் புதுப் பலகையின் பயம்தான் தெரியும். எங்களுக்குக் காலையில் 43 வந்தது. பாட்டி இப்போது திட்டில் நின்று பையை மாற்றிக்கொண்டு மீதிப் பாதியைக் கடக்கிறார். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் அளந்தபோது 54. உணவு விநியோக மோட்டார் சைக்கிள்கள் அதில் அதிகம். அந்தப் பட்டியலை நேரத்தோடு சேர்த்து, இந்த முறை காவல்துறைக்கு, போன செவ்வாய்க்கிழமை அனுப்பியிருக்கிறோம்.